தங்கத் தகடும் செட்டிகுளத்துப் பாதரும்

யாழ்ப்பாணத்தார் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வேண்டாம் என்பவனை நான் நம்புவதில்லை. சீனி வேண்டாம் என்னலாம், பால் வேண்டாம் என்னலாம், அதற்கெல்லாம் வருத்தம் துன்பம் என்று காரணம் இருக்கும். தேத்தண்ணியே வேண்டாம் என்றால் ஆள் சரியில்லை. 2009 ஆனி மாதம் ஸ்காபரோவில் எங்கள் பதினோராம் மாடி அப்பார்ட்மென்ற் கதவைத் தட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்களும் இந்தப் பரீட்சையில் முதல் நாளே கோட்டை விட்டார்கள்.

வெள்ளைச் சேட்டு, கறுத்த ரை, நெஞ்சில் ஒரு கறுத்த பெயர்த்துண்டு. அதில் பெயருக்கு முன்னால் ‘மூப்பர்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மூப்பருக்கு வயது பத்தொன்பது. மற்ற மூப்பருக்கு மீசை முளைப்பதா விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அவன் கட்டையன், வாய் திறக்கமாட்டான். நெட்டையன் தமிழ் படித்திருந்தான். யாரிடம் என்று கேட்டேன். பக்கத்துக் கட்டடத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றும் ஒரு பழைய இலக்கணப் புத்தகமும் என்றான். புத்தகம்தான் அதிகம் உழைத்திருக்கவேண்டும்.

“அம்மா, நாங்கள் தேநீர் அருந்துவதில்லை. அது எங்களுக்கு விலக்கப்பட்டுள்ளது,” என்று அக்காவிடம் சொன்னான்.

“ஐயோ, ஏன் அப்பன்? வருத்தமோ?” என்று கேட்ட அக்கா, தேசிக்காய் பிழிந்து சீனி போட்டுத் தண்ணி கரைத்துக் கொடுத்தார். இரண்டு மூப்பர்களும் ஒரே இழுவையில் குடித்துவிட்டுத் தங்கள் தீர்க்கதரிசியின் கதையைத் தொடங்கினார்கள். அவர்கள் மோர்மன்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது.

இருநூறு வருசத்துக்குக் கிட்ட முன்னால், எங்கள் ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தில் ஓர் ஏழைத் தோட்டக்காரன் மகனுக்குத் தேவதூதன் தோன்றினானாம். பக்கத்து மேட்டில் தங்கத் தகடுகள் புதைந்து கிடக்கின்றன என்றானாம். தகட்டில் அமெரிக்காவின் பழைய சனங்களுடைய சரித்திரமாம், அந்தச் சனங்கள் யெருசலேமிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களாம். பொடியன் தகட்டைத் தோண்டியெடுத்து, தெரியாத பாஷையைக் கடவுளின் துணையோடு மொழிபெயர்த்துப் புத்தகமாக்கினானாம்.

“தகடு இப்ப எங்க?” என்று கேட்டேன்.

“தேவதூதர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், ஐயா.”

நான் சிரித்த சிரிப்பில் அக்கா என்னை முறைத்தார். நான் யாழ்ப்பாணத்தில் எட்டு வருசம் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே பாண், அதாவது பிரெட், சுடுகிற தொழிற்சாலையில் காலைச் சிப்ட். பாண் பக்கற்றுக்குள் போவதைப் பதினெட்டு வருசமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். படிப்பித்த வாய்க்கு இப்படி ஒரு இரை தானாக வீடு தேடி வந்தால் விடுமா?

ஆனால் அந்த ஆனி மாதத்தில் எங்கள் வீட்டில் சிரிக்கிற நிலைமை இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அக்கா. அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவர். புருஷனை இழந்தவர். சமாதான காலத்தில் விசிற்றர் விசாவில் வந்து இங்கே அகதிக் கோரிக்கை வைத்து நின்றுவிட்டார். ஒரே மகன், என் மருமகன், கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். தனக்கு விசாக் காரியங்கள் சரிவந்ததும் மகனைக் கனடாவுக்கு எடுப்பது என்பதுதான் அக்காவின் ஒரே திட்டம். சண்டை கிளிநொச்சியைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனபோது அவனும் சனத்தோடு சனமாகப் போனான். சித்திரைக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வைகாசியில் சண்டை முடிந்தது.

வைகாசிக் கடைசியில், அக்கா குளிக்கப் போயிருந்த நேரம், எனக்கு ஒரு போன் வந்தது. மருமகனின் கடையில் வேலை செய்தவர், வவுனியா முகாமுக்குள்ளிருந்து யாரோ ஒருவரின் போனைக் களவாக வாங்கிக் கதைத்தார். “அண்ணை, உங்கட மருமகன் தண்ணி எடுக்கப் பங்கரை விட்டு வெளிய வந்தவர். ஷெல் பக்கத்தில விழுந்தது. நானும் இன்னொரு ஆளுமாத்தான் மண் போட்டனாங்கள்,” என்றார். வைகாசி இரண்டாவது செவ்வாய்க்கிழமை, முள்ளிவாய்க்காலில், விடியற்காலை. ஓர் அரசமரத்துக்குப் பக்கம் என்று இடமும் சொன்னார். கண்ணால் கண்ட, கையால் மண் போட்ட சாட்சி. சரித்திரம் படிப்பித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் அக்காவிடம் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

“இண்டைக்கே அவவிட்டச் சொல்லுங்கோ,” என்றாள் அவள். “பெத்த தாய். முப்பத்தொரு நாள் சாவுத் துடக்குக் காக்கவேணும், முடிவில அந்தியேட்டிக் கிரியை செய்யவேணும். தெரியாமல் அவ விளக்குக் கொளுத்திக்கொண்டும் கோயிலுக்குப் போய்க்கொண்டும் இருக்கிறா.”

துடக்காவது, தீட்டாவது, அந்தியேட்டியாவது. செத்தவனுக்கு நாள் கணக்கு எதற்கு என்று அவளிடம் பாய்ந்தேன். அக்கா ஏற்கெனவே இரண்டு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சோற்றில் கை வைப்பார், எடுப்பார். உண்மையைச் சொன்னால் ஆளே போய்விடும் என்று பயந்தேன். ஒருநாள் அவர் படியிறங்கும்போது தலைசுற்றி இருந்துவிட்டார். அன்று பின்னேரம் என் வாயிலிருந்து ஒரு பாதர் பிறந்தார். செட்டிகுளம் முகாமுக்குப் போய்வந்த கத்தோலிக்கப் பாதர் ஒருவர் என்னோடு போனில் கதைத்தார், மருமகனை முகாமுக்குள் கண்டாராம், கையில் சின்னக் காயமாம் என்றேன். அக்கா அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். மீன் குழம்பு வைக்கச் சொன்னார்.

ஒரு பொய் தனியாக நிற்பதில்லை. அடுத்த கிழமை அக்கா கேட்டார், காயம் மாறிவிட்டதோ என்று. அதற்கு ஒரு நேர்ஸ் பிள்ளை தேவைப்பட்டது. நேர்ஸ் மருந்து கட்டினாள். போனில் கதைக்கேலாதோ என்று கேட்டார். முகாமில் போனுக்கு அனுமதியில்லை என்றேன். கடிதம்? வேறு முகாமுக்கு மாற்றப் போகிறார்களாம், போன பிறகு எழுதுவான் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் காரில் ஏற்றி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவேன். அவர் உள்ளே போய் மகனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வார். நான் உள்ளே போவதில்லை, கார் தரிப்பிடத்திலிருந்து பேப்பர் பார்ப்பேன். கும்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

அந்த நாட்களில் எல்லாமே எனக்கு எரிச்சல்தான். பிளாசாவில் கோப்பி குடிக்கப் போனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு புலனாய்வுத் துறை இருந்தது. ரிவியில் காட்டின இயக்கத் தலைவரின் உடம்பு பொம்மை, மெழுகு, முகத்தைப் பார், வயதைப் பார், ஆள் எப்பவோ தப்பிவிட்டார் என்பார்கள். கண்ணால் கண்டவன் யார் என்று கேட்டால், கண்டவனைத் தெரிந்த ஆளைத் தனக்குத் தெரியும் என்பார்கள். விசர்ச் சனம் என்று வாய்விட்டே சொல்லி இரண்டு பழைய சிநேகிதரை இழந்தேன். வீட்டில் செட்டிகுளத்துப் பாதரை வளர்த்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொன்னேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இந்த நேரத்தில்தான் மோர்மன் பொடியன்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் நாளோடு துரத்திவிட்டிருப்பேன். அக்கா விடவில்லை. “உந்தப் பிள்ளையள் வரட்டும். தாய் தேப்பனை விட்டுட்டு இரண்டு வருசம் ஊர் ஊரா நடக்குதுகள்,” என்றார். வியாழக்கிழமை நாலு மணி என்று நேரமும் குறித்துக் கொடுத்தார். அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருந்து, அக்கா மகனைப் பற்றிச் சொல்வதைக் கேட்டார்கள். நெட்டையன், “உங்கள் மகன் எந்த வகை வாகனங்களைப் பழுதுபார்ப்பார்?” என்று கேட்பான். அக்கா சொல்வார். எங்கள் வீட்டில் என் மருமகனைப் பற்றி அப்படி நின்று கேட்க வேறு ஆளில்லை. நான் கேட்கமாட்டேன், என் மனைவியால் கேட்கமுடியாது.

எனக்கு வயிறு எரிந்தது. இவங்களை ஒரு கை பார்ப்பது என்று லைப்றரிக்குப் போனேன். சிப்ட் முடிந்து பாண் மணத்தோடு அங்கே போயிருந்து படித்தேன். பல வருசத்துக்குப் பிறகு கையில் பென்சிலோடு படித்தேன், அதை ஒத்துக்கொள்ளவேண்டும். சந்தோஷமாக இருந்தது.

என்ன கூத்து அது! தீர்க்கதரிசி ஆவதற்கு முன்னால் ஆள் புதையல் பார்க்கிறவன். ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, தொப்பிக்குள் முகத்தைப் புதைத்து, நிலத்துக்குள் எங்கே பொன் கிடக்கிறது என்று தோட்டக்காரருக்குச் சொல்லிக் கூலி வாங்கியவன். கோடு, வழக்கு வரைக்கும் போன விஷயம். எங்கள் ஊரில் நகை களவு போனால் வெற்றிலையில் மை பூசிப் பார்ப்பார்களே, அதே வேலை. வெற்றிலைக்குப் பதில் தொப்பி. அதே தொப்பிக்குள், அதே மாதிரிக் கல்லைப் போட்டுத்தான் புத்தகத்தையும் வாசித்துச் சொன்னானாம், இன்னொருவன் இருந்து எழுதினானாம். தகடு பக்கத்தில் சீலையால் மூடிக் கிடக்கும், சில நாள் அந்த அறையிலேயே கிடக்காதாம். பார்க்காமலே மொழிபெயர்க்கலாம் என்றால் அவ்வளவு பாரத்தைத் தோண்டுவானேன்?

முதல் நூற்றுச் சொச்சம் பக்கத்தை, அச்சுக்குக் கைகொடுக்க வந்த தோட்டக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துலைத்துவிட்டார். அவருடைய மனுசி எடுத்து ஒளித்தாள் என்று ஒரு கதை. சரி, கடவுள் சொன்னதுதானே, திரும்பவும் அதையே சொல்லவேண்டியதுதானே? இல்லையாம். கள்ளர் அந்தத் தாள்களில் மாற்றி எழுதி வைத்திருப்பார்களாம், ஆகவே அதே பகுதியை மறுபடி மொழிபெயர்க்கவேண்டாம் என்று கடவுளே சொல்லிவிட்டாராம். என்னுடைய வகுப்பில் வீட்டுப்பாடம் கொண்டுவராத பொடியன்கள் இதைவிட நல்ல காரணம் சொல்வார்கள்.

எங்கள் கனடாவும் கதைக்குள் வருகிறது. புத்தகத்தின் உரிமையைக் கனடாவில் விற்கலாம் என்று வெளிப்பாடு வந்து, ஆட்களை அனுப்பினார்கள். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். போனது ரொறன்ரோவுக்கு என்று ஒருவர் பிற்காலத்தில் எழுதினார், இல்லை கிங்ஸ்ரனுக்கு என்கிறது இன்னொரு பத்திரம். ஏன் பலிக்கவில்லை என்று கேட்டதற்கு, சில வெளிப்பாடு கடவுளிடமிருந்து வரும், சில மனுசனிடமிருந்து வரும், சில பிசாசிடமிருந்து வரும் என்று பதில் வந்ததாம். அதை வாசித்து லைப்றரியில் நான் சிரித்ததற்கு, பக்கத்திலிருந்த சீனக் கிழவர் எழும்பி வேறு மேசைக்குப் போனார்.

எதிராளிகளும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். படிக்காத தோட்டக்காரன் மகன் இதை எழுதியிருக்கமுடியாது, செத்துப்போன ஒரு பாதிரியின் அச்சிடாத நாவலைக் களவெடுத்தான் என்று ஐம்பது வருசம் கத்தினார்கள். கடைசியில் அந்த நாவலின் கையெழுத்துப் பிரதி ஹவாயில் ஒரு பெட்டிக்குள் அகப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. விட்டார்களா? இது வேறு, களவு போன பிரதி இன்னொன்று இருக்கிறது என்றார்கள். அந்தக் காலத்தில் செவ்விந்தியர் இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரம் என்பது திண்ணைப் பேச்சாக இருந்தது, வாயுள்ள ஒருவன் கேட்டதையெல்லாம் கோத்து ஒரு கதை கட்டினான் என்பதை ஒத்துக்கொள்ள இரண்டு பக்கத்துக்கும் மனமில்லை. ஒரு பக்கத்துக்குத் தேவதூதன் வேண்டும், மற்றப் பக்கத்துக்குக் கள்ளன் வேண்டும். இரண்டு பேரும் எனக்கு ஒரே மட்டம்.

ஆடி மாதம் முழுக்க வியாழக்கிழமைகளில் எங்கள் வீடு கோடாக மாறியது. நான் குறிப்புக் கொப்பியோடு இருப்பேன். பொடியன்கள் தேசிக்காய்த் தண்ணியோடு சோபாவில் நெருக்கி இருப்பார்கள். நெட்டையனுக்கு விளங்காத இடத்தில் ஆங்கிலத்தில் கேட்பேன். பிறகு அக்காவின் பக்கம் திரும்பித் தமிழில் விளங்கப்படுத்துவேன். அக்காவுக்காகத்தானே இவ்வளவும்! இவங்களுடைய வலையில் அவர் விழக்கூடாது. பதினெட்டு வருசத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வகுப்பு கிடைத்திருந்தது.

சாட்சிகள் விஷயத்தில்தான் நான் உச்சத்துக்குப் போனேன். புத்தகத்தின் முகப்பில் தகட்டைக் கண்டதாக மூன்று பேரும், பிறகு எட்டுப் பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

“அக்கா, எட்டுப் பேரும் ஆர் தெரியுமே?” என்றேன். “மூண்டு பேர் இவன்ர தேப்பனும் சகோதரங்களும். மிச்சம் அஞ்சு பேரும் இன்னொரு வீட்டுக்காரர், அதில ஒருத்தன் அந்த வீட்டு மாப்பிளை. முதல் மூண்டு பேரில ஒருத்தனிட்ட, உண்மையில இந்தக் கண்ணாலையோ கண்டனீ எண்டு கேட்டதுக்கு, ஆவிக்குரிய கண்ணால எண்டு சொன்னவனாம். ஒரு ஆள் கண்டன் எண்டு சொன்னா மூண்டு கேள்வி கேக்கவேணும். அவன் தானே சொன்னவனோ, அவன் சொன்னதா மற்றவன் சொன்னவனோ? எந்தக் கண்ணால கண்டவன்? கண்ட சாமான் இப்ப எங்க? மூண்டுக்கும் மழுப்பினா அது புளுகு.”

நெட்டையனின் காது சிவந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஐயா, அந்த மூவரும் பின்னர் தீர்க்கதரிசியோடு முரண்பட்டுச் சபையை விட்டுப் பிரிந்தார்கள். கோபத்தோடு பிரிந்த பின்னரும் அவர்கள் கண்டதை மறுக்கவில்லை. அது எதனால்?”

நல்ல கேள்விதான். எனக்குப் பதில் தெரியாது. “ரோசம்,” என்றேன். “ஊருக்கு முன்னால ஒருக்காச் சொன்ன பொய்யை மனுசன் சாகுமட்டும் காப்பாத்துவான்.” சொன்னபோது எனக்கே கொஞ்சம் குளிர்ந்தது. உடனே கொப்பியில் அடுத்த பக்கத்தைப் பிரட்டினேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கவில்லையாக்கும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.

அதற்கடுத்த வியாழன் அவர்கள் புதுச் சரக்கு ஒன்றை இறக்கினார்கள். தங்கள் சபையில் செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டாம். செத்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவர் தண்ணிக்குள் முங்கி எழும்புவாராம். நான் கைதட்டிச் சிரித்தேன். “செத்தவனையும் விடமாட்டியளோ?” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. “செத்த ஆள் வேண்டாமெண்டு சொன்னா?” என்று நெட்டையனிடம் கேட்டார்.

“அவர் மறுக்கலாம், அம்மா. தெரிவு அவருடையது.”

“செத்தவுடன செய்யிறதோ?”

“இல்லை. இறந்து ஓராண்டு முடியவேண்டும். பெயரும் பிறந்த திகதியும் இறந்த திகதியும் வேண்டும்.”

“எங்கட ஆட்டைத் திவசம் மாதிரி,” என்றார் அக்கா. பிறகு மெதுவாக, “திகதி தெரியாட்டி?” என்று கேட்டார்.

“அத்தானுக்குத்தான் திகதி தெரியுமே, அக்கா,” என்று நான் குறுக்கே விழுந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால், மருமகனுக்கு முகாமில் சாமான் பங்கிடுகிற வேலை கொடுத்திருக்கிறார்களாம், நேர்ஸ் பிள்ளைதான் சொன்னாள் என்று நானாகவே ஒரு செய்தி சொன்னேன். யாரும் கேட்கவில்லை. என் மனைவி கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

ஆவணி கடைசி வியாழன். வேலையால் வந்து முகம் கழுவினேன். பொடியன்கள் வர அரை மணி நேரம் இருந்தது. அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் கதிரையில் இருந்தார்.

“தம்பி, இவனைக் கண்டனான் எண்டு பாதர் உன்னோட தானே கதைச்சவரோ?”

“ஓம். அதாவது, அவர் ஒரு ஆளிட்டச் சொல்லி, அந்த ஆள் எனக்குச் சொன்னவர்.”

“அண்டைக்குப் பாதர் போனில கதைச்சவர் எண்டனீ.”

“எல்லாம் ஒண்டுதான், அக்கா.”

“எந்தக் கையில காயம்?”

“இடக்கை.”

“நேர்ஸ் பிள்ளை வலக்கையில மருந்து கட்டினவ எண்டு சொன்னனீ. அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன? எந்த ஊர்? இவன் இப்ப எந்த முகாமில நிக்கிறான்?”

அவருடைய குரல் உயரவில்லை.

“நீ உந்தப் பிள்ளையளை மறிச்சு மறிச்சுக் கேக்கேக்க நானும் அந்தக் கேள்வியளைப் பாடமாக்கினன்,” என்றார் அக்கா. “கண்டவன் ஆர், எந்தக் கண்ணால கண்டவன், கண்ட சாமான் எங்க. இவன் உதுகளைக் கேக்கிறானோ, தன்னைக் கேக்கச் சொல்லி எனக்குக் காட்டித் தாறானோ எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தன். நாலு கிழமையாக் கிடந்தன், தம்பி.”

இன்னொரு சாட்சி என்னிடம் தயாராக இருந்தது. முகாமுக்குத் தண்ணி கொண்டுபோகிற பவுசர் டிரைவர். பெயர்கூட வைத்திருந்தேன். வாய் வரை வந்தார், வெளியே வரவில்லை.

“எப்ப?” என்று கேட்டார் அக்கா.

சொன்னேன். வைகாசி இரண்டாவது செவ்வாய்க்கிழமை, விடியற்காலை, தண்ணி எடுக்கப் போனபோது. மண் போட்டது யார், எந்த இடம், பக்கத்தில் என்ன மரம். சாட்சி சொன்ன அத்தனையும் எனக்கு ஒரு எழுத்து மாறாமல் ஞாபகமிருந்தது.

அக்கா அழவில்லை. விரல்களை மடித்து எண்ணினார். எதை எண்ணுகிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

“பதினைஞ்சு ஞாயிற்றுக்கிழமை,” என்றார். “பதினைஞ்சு தரம் துடக்கோட போய் முன்னுக்கு நிண்டிருக்கிறன். அவன்ர பேரைச் சொல்லித் தீர்க்காயுசு கேட்டிருக்கிறன். ஐயரும் சொல்லியிருக்கிறார். அவனுக்கு ஒரு வாய்க்கரிசி இல்லை, எட்டாம் நாட் சடங்கு இல்லை, அந்தியேட்டி இல்லை. நான் மீன் திண்டுகொண்டு இருந்திருக்கிறன்.”

“அக்கா, நீங்கள் சாப்பிடாமல் கிடந்தனீங்கள். நான் பயந்துபோனன்.”

“பிள்ளை செத்தா தாய் சாப்பிடாமல்தான் கிடப்பாள். அதை ஏன் என்னட்டையிருந்து பறிச்சனீ?”

சடங்கு எல்லாம் பொய் என்று நினைத்தவன் நான். பொய்யென்று நினைத்த ஒன்றை எடுத்தால் களவாகாது என்று நினைத்துவிட்டேன். அக்கா எழும்பி, அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளைச் சீலையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். சாவீட்டுச் செய்தி கேட்டால் தலைமுழுகவேண்டும். தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. அதற்குள் அவர் அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது.

நாலு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. திறந்தேன். இரண்டு வெள்ளைச் சேட்டுகள். உள்ளே வாருங்கள் என்றும் சொல்லாமல், போங்கள் என்றும் சொல்லாமல் நின்றேன். பின்னால் அக்கா வந்தார். தலையில் துவாய் சுற்றியிருந்தது. கழுத்தில் தண்ணி வழிந்துகொண்டிருந்தது.

“அப்பன், இண்டைக்கு உள்ள வரவேண்டாம். துடக்கு வீடு,” என்றார்.

அந்தச் சொல் நெட்டையனின் இலக்கணப் புத்தகத்தில் இல்லை. மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தான். கோடை முழுக்க அந்த வீட்டில் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினவன் நான்தானே. நான் கதவுப்பிடியைப் பார்த்தேன்.

“என்ர மகன் செத்துப்போனான்,” என்றார் அக்கா.

போன கிழமைதான் அவனுக்கு முகாமில் வேலை கிடைத்ததைப் பற்றி அக்கா இவர்களிடம் சொல்லியிருந்தார். அது எப்படி, யார் கண்டது, ஆதாரம் என்ன என்று அவன் கேட்கலாம். நான் கற்றுக்கொடுத்த கேள்விகள்தான், என்மேல் திருப்பிவிட அவனுக்கு நல்ல சந்தர்ப்பம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. உடனே நம்பினான். “அம்மா,” என்றான், அதற்கு மேல் அவனுடைய தமிழ் போகவில்லை. மூக்கு நுனி சிவந்து, சிறு பிள்ளைபோல அழுதான். இவ்வளவு நாளும் வாய் திறக்காத கட்டையன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அக்கா எட்டி நெட்டையனின் கன்னத்தைத் தடவினார்.

நெட்டையன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “ஐயா, உங்களுக்கும் பேரிழப்பு. உங்களுக்கு இந்தச் செய்தி எப்போது வந்தது?” என்று கேட்டான். ஆறுதல் சொல்வதற்காகத்தான் கேட்டான். குத்திக் கேட்கத் தெரியாத முகம். நான் கோடை முழுக்கத் தேடியும் அதில் ஒரு கள்ளத்தனம் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா எனக்காக மறுமொழி சொல்லவில்லை. ஈரத் துவாயைப் பிடித்தபடி, நான் சொல்லட்டும் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வைகாசிக் கடைசியில,” என்றேன்.